அந்தப் பக்கமே நில்லுங்க அத்தை

அங்கேயே நில்லுங்க அத்தை. கேட்ல கை வைக்காதீங்க, இப்பத்தான் துடைச்சேன். துடைக்கலைன்னாலும் வைக்காதீங்க. கோவிச்சுக்கிறதுன்னா கோவிச்சுக்கோங்க, எனக்கு ஒண்ணுமில்ல. பரிமளம் அத்தை வந்தா ஓடிப்போயி கேட்டத் திறந்து, உள்ள உக்கார வச்சு, காபி கலக்குறதெல்லாம் அந்தக் காலம்.

என்ன, தீபாவளிக்கு ரெண்டு நாள் வச்சுக்கிட்டு தையல் மெஷின விட்டுட்டு வந்துருக்கீங்க? இந்த ஏரியா ஜாக்கெட்டு பூரா உங்க வீட்லதான் கெடக்கும். எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். அம்மாவ வாக்கிங் கூட்டிட்டுப் போகத்தானே? இருங்க, நான் பேசிக்கிறேன். நான் முடிச்சதும் நீங்க பேசுங்க.

அம்மா வராது. நான் விட மாட்டேன்னு சொல்லல, அத நல்லாக் கேட்டுக்கோங்க. நாளைக்குத் தெருவுல போயி இலக்கியா விடமாட்டேங்குறான்னு சொல்லாதீங்க. நான் தெனம் சொல்றேன், நடம்மா, நடம்மான்னு. நான் சொல்லாத நாளே கிடையாது. டாக்டர் சொல்லிட்டாரு, சுகர் ஏறிக்கிட்டே போகுது, இப்பிடியே உக்காந்திருந்தா மாத்திரை தாங்காது, ஊசிதான்னு. தெனமும் வயித்துல குத்திக்கணும். கால் வேற வீங்குது. அதுக்கும் அசையல. பயம் அத்தை. அம்புட்டும் பயம். இந்த ஊரே பயந்து செத்துக்கிட்டு இருக்கு. எனக்கெல்லாம் அப்படி ஒரு பயமும் கிடையாது.

மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்துங்க. தாடைக்கா போட்ருக்கீங்க?

ரெண்டு ஊசி போட்டாச்சா? போட்டாலும் வருதாம். அதச் சொன்னா, பாப்பா நீ நியூஸ் பாக்குறத நிறுத்துன்னு எங்கப்பா சொல்லுவாரு. அவருக்கென்ன, மில்லுல ஷிப்டு முடிஞ்சு வர்றப்ப நான் வாசல்லயே தண்ணி வச்சுருப்பேன், குளிச்சிட்டு உள்ள வருவாரு. இன்னைக்கு வரைக்கும் வச்சுக்கிட்டுதான் இருக்கேன். யாரு பண்ணுவா?

சரி, நீங்களே சொல்லுங்க. கிரவுண்ட்ல மூணு பேரும் நடந்தீங்க. நீங்க, எங்கம்மா, பிலோமினா டீச்சர். நடந்தீங்கன்னு சொல்லக்கூடாது, பேசுனீங்க. கால் சும்மா கூடவே வந்துச்சு. டீச்சர்தான் கான்வாஸ் ஷூ போட்டு, சேலைய ஏத்திச் சொருகிக்கிட்டு முன்னாடி போவாங்க. எனக்கு ஏழாப்புல கிளாஸ் டீச்சர் அவங்க. கணக்குப் போடலைன்னா கிரவுண்டச் சுத்த விடுவாங்க. அப்பிடி ஓடி ஓடித்தான் நான் கோகோ டீம்லயே சேர்ந்தேன். வீட்டுக்கு வந்தா அம்மா ஒரே டீச்சர் புராணம். டீச்சர் இப்பிடிச் சொன்னாங்க, டீச்சர் அப்பிடிச் சொன்னாங்க. பெத்த பொண்ணு நான், நான் சொல்றது ஒண்ணும் காதுல ஏறாது.

அப்புறம் லாக்டவுன். கிரவுண்டுக்குப் பூட்டு. நானே போயி அம்மாகிட்ட சொன்னேன், வெளிய காலடி வச்சேன்னா அப்பிடியே தெருவுல இருந்துக்கோன்னு. சொல்லாம? அன்னைக்கு நீங்க மூணு பேரும் சந்து வழியா நடக்கப் பாத்தீங்கள்ல? போலீஸ் வண்டி வந்துச்சுல்ல? எவ போன் பண்ணான்னு ரொம்ப நாள் பேசிக்கிட்டீங்க. எவளோ நல்லது நெனச்சுதான் பண்ணிருப்பா. அத விடுங்க.

டீச்சர்தான் அந்த ஐடியா குடுத்தாங்க. வீட்டுக்குள்ள எட்டு போட்டு நடக்கலாம்னு. வெளிய போக வேணாம், எட்டு நம்பர தரையில பெருசா எழுதி, அதுமேலயே சுத்திச் சுத்தி நடக்கணும். அம்மாவுக்குக் கோலமாவுல போடத் தெரியும், ஆனா மிதிச்சு மிதிச்சு வீடெல்லாம் வெள்ளைக் கால் ஆயிரும். நான் பாத்தேன், கேட்டுக்கு அடிச்ச பச்சப் பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவுல கச்சிதமா ஒரு எட்டு. அப்பா வந்து பாத்துட்டு தலையில கை வச்சுட்டாரு. "வாடகை வீடுடி பாவி!" அவருக்கு உசுரு முக்கியமா வீட்டுக்காரன் முக்கியமான்னு கேட்டேன்.

அம்மாதான், "திரும்புற எடம் குறுகலா இருக்குடி, முழங்கால் பிடிக்குது"ன்னு சொல்லுச்சு. எட்டு சரியாத்தான் இருக்கு, நீதான் குண்டா இருக்கன்னு சொன்னேன். அதுக்கப்புறமும் அதுமேலயேதான் நடந்துச்சு. பழகிருச்சுன்னு நெனைக்கிறேன்.

விடிஞ்சும் விடியாமப் போன் அடிக்கும். கான்ஃபரன்ஸ் கால். டீச்சர் வீட்ல டீச்சர் எட்டு, உங்க வீட்ல உங்க எட்டு, இங்க இது. ஸ்பீக்கர்ல போட்டுட்டு மூணு பேரும் நடப்பீங்க. நான் அந்த ஹால்லதான படுப்பேன்? தூக்கமா அது? உங்க வீட்டுக் குக்கர் சத்தம், டீச்சர் வீட்டு லவ் பேர்ட்ஸ், நடுவுல எங்கம்மா சிரிப்பு. டீச்சர் ஒரு ரூல் வச்சுருந்தாங்கள்ல? நடக்கறப்போ மூச்சு வாங்காமப் பேசினா நீ நடக்கலைன்னு அர்த்தம், பேசவே முடியலைன்னா ஓடுறன்னு அர்த்தம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும். அதுக்காகவே வம்பிழுப்பாங்க. "தவமணி, உன் மூச்சே கேக்கலையே, சோபால உக்காந்துட்டியா?" எங்கம்மா உடனே வேணும்னே புஸ்ஸு புஸ்ஸுன்னு விடும். நீங்க ஒரு தடவ மெஷினை மிதிச்சுக்கிட்டே நடக்குறேன்னு ஏமாத்தி மாட்டிக்கிட்டீங்க. சிரிக்காதீங்க. நான் சிரிக்கிறதுக்குச் சொல்லல.

ரெண்டாவது அலை வந்துச்சு. அந்த மே மாசம். ஆம்புலன்ஸ் சத்தம் கேக்காம ஒரு காபி குடிக்க முடியல, ஞாபகம் இருக்கா?

அன்னைக்குக் காலைல உங்க லைன் கட்டாயிருச்சு. நீங்க இல்ல. அம்மாவும் டீச்சரும் மட்டும். டீச்சர் பேசல. நடக்குறாங்க, ஆனா பேசல. அம்மா கேக்குது, "என்ன டீச்சர், இன்னைக்கு ரொம்ப ஸ்பீடா? மூச்சு இப்பிடி வாங்குது?" சிரிக்குது வேற. அம்மாவுக்குத் தெரியல. பாயில படுத்துருந்த எனக்குத் தெரிஞ்சிருச்சு. அது நடக்குற மூச்சு இல்ல அத்தை. நடக்குற மூச்சு சீரா வரும், காலுக்கு ஏத்த மாதிரி. இது பிச்சுப் பிச்சு வருது. கூடவே ஒரு சத்தம், டியூபுல ஓட்டை விழுந்தா வருமே, அந்த மாதிரி. நான் எந்திரிச்சேன், போன வாங்குனேன், கட் பண்ணேன். சார்ஜ் இல்லம்மான்னு சொன்னேன்.

வேற என்ன பண்ணச் சொல்றீங்க? அம்மாவுக்குச் சுகர், பிரஷரு. டீச்சருக்கு வந்துருச்சுன்னு தெரிஞ்சா பயத்துலயே விழுந்துரும். பாக்கணும்னு கிளம்பும், சுடுதண்ணி ரசம்னு தூக்குவாளிய எடுக்கும். நான் அம்மாவ நல்லாத் தெரிஞ்சவ. டீச்சர் ஓசூர்ல மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க, அங்க டவர் கிடைக்காதுன்னு சொன்னேன். "ஓசூர்லயாடி டவர் இல்ல?"ன்னு கேட்டுச்சு. ஊருக்கு வெளிய புது வீடுன்னேன். நம்பிருச்சு. நான் சொன்னா நம்பும் அப்பல்லாம்.

உங்ககிட்டயும் சொல்லிருந்தேன்ல? அம்மாவுக்குத் தொண்ட சரியில்ல, கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாதீங்கன்னு. கூப்பிட்டா எடுத்துக் குடுக்கவா போறேன்? அம்மா போன் என்கிட்டதான இருந்துச்சு. ஆன்லைன் கிளாஸு எனக்கு.

டீச்சர் போயிட்டாங்கன்னு எனக்குப் பழைய பசங்க குரூப்லதான் தெரியும். போட்டோ போட்டு, சுத்திப் பூ போட்டு, மெழுகுவத்தி எரியற மாதிரி. எல்லாரும் கையெடுத்துக் கும்பிடற பொம்மையா அனுப்புறாங்க. நான் பாத்துட்டு ஹால்ல நிமிர்ந்து பாக்குறேன், அம்மா எட்டு மேல நடக்குது. தனியா. வேகமா. "ஏம்மா இம்புட்டு வேகம்?"ன்னு கேட்டேன். "டீச்சர் ஓசூர்ல இருந்து வரட்டும், இந்தத் தடவ கிரவுண்ட்ல நான்தான் முன்னாடி போவேன், அசந்து போகணும் அவங்க"ன்னு சொல்லுச்சு. வேர்த்து ஊத்துது. முகத்துல அப்பிடி ஒரு சிரிப்பு.

நான் என்ன சொல்றது அப்ப? சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லிருப்பீங்க?

நான் "நட"ன்னேன்.

அத்தை, எங்கம்மா வாழ்க்கைலயே அந்த ஒரு மாசம் நடந்த மாதிரி நடந்ததே இல்ல. காலைலயும் நடந்துச்சு, சாயங்காலமும் நடந்துச்சு. சுகர் இறங்குச்சு, தெரியுமா? ஜாக்கெட்டு லூஸாகி, உங்ககிட்ட பிடிக்கக் குடுக்கணும்னு எடுத்துக்கூட வச்சுச்சு. அப்ப நான் பண்ணுனது தப்பா? கணக்கு டீச்சரே வந்து கூட்டிக் கழிச்சாலும் லாபம்னுதான் சொல்லுவாங்க.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. நீங்க வந்தீங்க. இதே கேட். இதே இடத்துல நின்னு, ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனீங்க. "தவமணி, டீச்சருக்கு சர்ச்சுல முப்பதாம் நாள் பூச வச்சாங்களே, உனக்கு யாரும் சொல்லலையா?"

நான் ரூம்ல இருந்து ஓடி வர்றேன். அம்மா எட்டோட நடுவுல, ரெண்டு வட்டமும் சேருமே, அங்க நிக்குது. "எந்த டீச்சருக்கு?"ன்னு கேக்குது. நீங்க அழுதுட்டீங்க. அதுக்கப்புறம் கேக்கவே வேண்டியதில்ல.

அம்மா அழல. என்னைத் திட்டல. திட்டிருந்தாக்கூட நான் ரெண்டு வார்த்த பேசி முடிச்சிருப்பேன். என்னப் பாத்துச்சு. அப்புறம் சோபாவ ஒரு பக்கமாப் பிடிச்சு தரதரன்னு இழுத்து, அந்த எட்டு மேல போட்டுச்சு. அது மேல உக்காந்துச்சு. அவ்ளோதான். அன்னைல இருந்து அந்த சோபா அங்கதான். டிவி ஓடும், சத்தம் இருக்காது. என்கிட்ட "சாப்பிடு", "கொடில துணி கெடக்கு", இத விட்டா பேச்சு கிடையாது. கிரவுண்ட் திறந்து எவ்ளோ நாளாச்சு? எத்தன பேரு நடக்குறாங்க? இது வாசப்படி தாண்டல. அம்புட்டுப் பயத்த உள்ள ஏத்தி விட்டுட்டீங்க அத்தை, ஒரே கத்துல. நீங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்துருந்தா எங்கம்மா இன்னைக்கும் நடந்துக்கிட்டு இருந்துருக்கும். ஊசிப் பேச்சே வந்துருக்காது.

என்ன சொல்றீங்க? பயம் இல்லையா? கோவமா? யார் மேல? என் மேலயா?

எதுக்கு?

ஆமா, கூப்பிட்டாங்க. டீச்சர் ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்டாங்க, இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்? நிறைய வாட்டி. அதெப்படி உங்களுக்குத் தெரியும்? ஓ, அவங்க மருமக சொன்னாங்களா. தவமணி போனையே எடுக்க மாட்டேங்குறா, அவளுக்கும் வந்துருச்சோன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாமா? அம்மாகிட்டயும் இத அப்பிடியே சொல்லிட்டீங்களா? நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு.

ஒரு தடவ நான் எடுத்தேன் அத்தை. இதையும் தெரிஞ்சுக்கோங்க. எடுத்துக் காதுல வச்சேன். பேச்சு இல்ல. மூச்சுதான். மாஸ்க்குக்குள்ள இருந்து வர்ற மூச்சு. ரொம்ப நேரம். நடுவுல ஒரு தடவ "ஸ்பீடு போதும் தவமணி"ன்னாங்க. அம்மான்னு நெனச்சுக்கிட்டு. நான் வைக்கல, அவங்களா வைக்கிற வரைக்கும் கேட்டேன். நான் கேட்டேன்ல? போதாதா? வீட்ல ஒருத்தி கேட்டா போதாதா? எங்கம்மாவும் கேக்கணுமா அத?

தள்ளி நில்லுங்க. அழுதுக்கிட்டே கிட்ட வராதீங்க, மாஸ்க்கு நனைஞ்சா வேலை செய்யாது.

என்னப் பத்திப் பேசாதீங்க. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். காலேஜ் திறந்தாச்சா? திறந்தாத் திறக்கட்டும். போகலைன்னா பயமா? அங்க ஒரு பெஞ்சுல மூணு பேரு உக்கார வைக்கிறாளுங்க, அறிவு வேணாம்? கோகோ டீமுல இருந்து வேற போன் மேல போன். கோகோங்கறது என்ன ஆட்டம்? முதுகுல கைய வச்சுத் தள்ளுற ஆட்டம். இந்த நேரத்துல அது கேக்குதா இவளுகளுக்கு? நான் ரூமுக்குள்ள ஸ்கிப்பிங் போட்டுக்கிட்டுதான் இருந்தேன். இப்ப கொஞ்ச நாளாப் போடல. பிடிக்கல. கொஞ்சம் குதிச்சா மூச்சு வாங்குதுல்ல, அந்தச் சத்தம் பிடிக்கல. என் மூச்சுதான். இருந்தாலும். ஃபேன் போட்டுப் பாத்தேன், பாட்டு வச்சுப் பாத்தேன், அதையும் தாண்டிக் கேக்குது. அதனால சும்மா இருக்கேன். சும்மா இருந்தா கேக்காது. இதுல பயம் எங்க இருந்து வந்துச்சு?

விடுங்க. நான் என்ன சொல்ல வந்தேன்? ஆங், அம்மா வராது. நீங்க கிளம்புங்க. வேணும்னா தீபாவளி கழிச்சு...

யாரு கதவத் திறக்குறது?

அம்மா? என்னம்மா, பட்டுச் சேலையெல்லாம் கட்டிட்டு? எங்க கிளம்பிட்ட? ஷூ ஏன் போட்ருக்க?

இல்ல, இரு. நீயா இவங்கள வரச் சொன்ன? எப்ப? உன் போன் என்கிட்டதான... ஓ, அப்பா போன்ல. ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டுப் பண்றீங்களா? நான் இவ்ளோ நேரம் கத்திக்கிட்டு இருக்கேன், ஏன் அத்தை, ஒரு வார்த்த சொல்லக்கூடாது, தவமணிதான் கூப்பிட்டான்னு? நான் எங்க விட்டேன்னு கேக்குறீங்களா? சரி. விடல. ஒத்துக்குறேன்.

கல்லறைக்கா? இன்னைக்கா?

தெரியும். எனக்குத் தெரியாதா, கான்வென்ட்ல படிச்சவதான நான்? செத்தவங்க கல்லறைல போயி சுத்தம் பண்ணி, பூப்போட்டு மெழுகுவத்தி ஏத்துற நாளு. கல்லறைத் திருநாள். அது இன்னைக்குன்னு மறந்துட்டேன், அவ்வளவுதான். ஆனா அம்மா, அங்க எம்புட்டுக் கூட்டம் இருக்கும்? ஊரே அங்கதான் நிக்கும். சுகர் பேஷண்ட்டு நீ. நாளைக்குப் போ. கூட்டம் கொறைஞ்சதும் ஆட்டோ பிடிச்சு நானே...

நடந்தேவா?

அம்மா, அது எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு? பைபாஸ் தாண்டி. மாடிப்படி ஏற மாட்ட நீ. சோபாவ விட்டு எந்திரிச்சே எத்தன மாசமாச்சு? முழங்கால் என்னாகும்? அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்களேன். என்னது, பூ மார்க்கெட் வழியாப் போனா உக்காந்து உக்காந்து போகலாமா? இவங்க ஒருத்தங்க, திட்டமெல்லாம் போட்டு வச்சுட்டுத்தான் வந்துருக்காங்க.

கேட்ட விடும்மா. கொக்கி டைட்டா இருக்கும், நான் திறக்கறேன். கைல துணி வச்சுத் திற... சரி, திறந்துட்ட.

நானா? நானும் வரணுமா?

எனக்குக் கிளாஸ் இருக்கு. இப்ப ஆரம்பிச்சிரும். சாயங்காலம் கிளாஸ் இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா? இருக்கு. வீட்ட யாரு பாத்துக்குறது? அப்பாவுக்கு வாசல்ல தண்ணி வைக்கணும். செருப்பு வேற எங்க கெடக்குதோ, நான் செருப்பு போட்டு எவ்ளோ நாளாச்சு. அப்பிடிப் பாக்காதம்மா. வரலைன்னா வரல. டீச்சர்கிட்ட நான் என்னத்தப் போயி... ஒண்ணுமில்ல. போங்க. போயிட்டு வாங்க. எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல?

அத்தை. அம்மா கையப் பிடிச்சுக்கோங்க. ஆமா, நான்தான் சொல்றேன், பிடிச்சுக்கோங்க, பரவால்ல. மேட்டுல ஏறறப்போ பேச்சுக் குடுக்காதீங்க. இல்ல, குடுங்க. பேச வைங்க. மூச்சு எப்பிடி வருதுன்னு பாத்துக்கிட்டே போங்க. சீரா வந்தா ஒண்ணுமில்ல.

அம்மா, மெதுவாப் போம்மா. தெருமுன வரைக்குமாச்சும் மெதுவாப் போ. அதுக்கு அப்புறம் இங்க இருந்து எனக்குத் தெரியாது.